வேரைத் தின்னாத மீன்

நிச்சயதார்த்தத் தட்டுகளில் பழம் இருந்தது, பூ இருந்தது, சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை இரண்டு இருந்தது. எல்லாத் தட்டுக்கும் பின்னால், மாப்பிள்ளையின் அம்மா ஆரோக்கியம்மாள் டீச்சர் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து ஒரு கண்ணாடிப் பூச்சாடியைக் கொண்டுவந்தார். நற்கருணை எடுத்துவரும் சாமியார்கூட அத்தனை பதனமாக நடக்கமாட்டார் என்று ஐரினுக்குத் தோன்றியது.

சாடியின் வாயை இறுக்கி அடைத்தாற்போல் ஒரு செடி. கரும்பச்சை இலைகள், நடுவில் ஒற்றை மடலாய் ஒரு வெள்ளைப் பூ. வேர்கள் தாடி மாதிரி தண்ணீருக்குள் தொங்கின. அடியில் கலர் கூழாங்கற்கள். வேருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நீல மீன், தன் அகலமான வாலைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தது.

"பெங்களூருல எம் மக வாங்குனது," என்றார் டீச்சர். "ரெண்டு வாங்கிட்டா. ஒண்ணு எங்க வீட்டுல, ஒண்ணு உங்க வீட்டுல. கல்யாணத்தன்னைக்கு மேடையில அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. பூ தெரியுதுல்ல? சூசையப்பர் கையில வச்சிருப்பாரே, அந்த லில்லி."

அது லில்லியே இல்லை. ஐரின் அதை விட்டுவிட்டாள்.

"இரை போடக் கூடாது. தண்ணி மாத்தக் கூடாது. மீன் வேரைத் தின்னுக்கிரும். மீனோட கழிவைச் செடி எடுத்துக்கிரும். ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிரும். குடும்பம்னா இப்படித்தான் இருக்கணும்."

இதை அப்படி விட்டுவிட ஐரினால் முடியவில்லை. "டீச்சர், இது ஃபைட்டர் மீனு. பூச்சி புழு திங்கிற சாதி. வேரெல்லாம்..."

அம்மா இஞ்ஞாசியம்மாள் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளிய கிள்ளு, ஐரினுக்கு மறுநாள் குளிக்கும்போதும் தெரிந்தது.

டீச்சர் சிரித்தார். "மூணாப்புலயும் இவ இப்படித்தான்."

உண்மைதான். மூன்றாம் வகுப்பில் அதே டீச்சரிடம்தான் ஐரின் படித்தாள். கரும்பலகையில் போட்ட கணக்கு தப்பு என்று எழுந்து சொன்னதற்கு முட்டியில் ஸ்கேலால் வாங்கினாள். அந்தப் பக்கத்துத் தெருக்களில் பாதிப் பேர் அந்த ஸ்கேலைப் பார்த்தவர்கள். டீச்சர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகியும், ரேஷன் கடை வரிசையில் அவரைக் கண்டால் மீசை நரைத்தவர்கள்கூட நேராக நிற்பார்கள். அவருடைய ஒரே மகன் பிராங்கிளின், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அன்று தலையைக் குனிந்தபடி மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தான்.

ஐரினின் அப்பா ராயப்பராஜ் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்ப்பவர். அவர் வீட்டிலோ, அவர் கூடப்பிறந்தவர்கள் வீட்டிலோ, கல்லூரி வாசலை முதலில் மிதித்தது ஐரின்தான். பி.எஸ்சி. விலங்கியல். இப்போது ரத்தம் பரிசோதிக்கும் ஒரு லேபில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறாள். ஊரில் எவனுக்கு மலேரியா, எவளுக்கு ரத்தம் இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால் டாக்டர்மார் நம்பினார்கள். வீட்டில் ஒரு மீன் எதைத் தின்னும் என்று அவள் சொன்னால் நம்ப ஆளில்லை.

*

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்கு விக்கினம் ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பூசை நடுவில் சத்தமாக அறிவிப்பார்கள். மூன்று தடவையும் யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணத்துக்குத் தடையில்லை.

முதல் ஓலைக்குள்ளேயே மீன் வாடிவிட்டது. வாலை விரிப்பதில்லை. நீலம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை மேலே வந்து, வேர்களுக்கு ஊடே மூக்கை நுழைத்து இடம் தேடும். கிடைக்காது. திரும்பக் கல்லில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"யம்மா, இது வெளிக்காத்தை வந்து முழுங்குற மீனு. செவுள் மட்டும் இதுக்குப் பத்தாது. செடியைக் கொஞ்சம் தூக்கி விட்டா..."

"கைய வச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்!" அம்மா சாடியைத் தூக்கிப் பீரோ மேல், திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அது சும்மா மீனுன்னு நெனச்சியா? சீர்ல வந்தது. ஓலை முடியுறதுக்குள்ள அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஊரு என்ன சொல்லும்? இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா வெளங்குமாம்பாக."

"பட்டினி போட்டா எது வெளங்கும்?"

"அவுக வீட்டு மீனும் பட்டினிதான கெடக்கு?"

அங்கேதான் ஐரினுக்கு அடி விழுந்தது. முதல் ஓலை வாசித்துப் பூசை முடிந்து வெளியே வந்ததும், கோவில் வாசலில் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "மீன் எப்படி இருக்கு?"

"இருக்கு டீச்சர்," என்றாள் அம்மா, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லும் குரலில்.

"எங்க மீன் என்னமாத் துள்ளுதுங்கிற! ஒரு பொட்டு இரை போடல. வால் வேற செவக்க ஆரம்பிச்சிருக்கு. வளர வளர நெறம் மாறும்போல."

வளர்ந்த மீனுக்கு ஒரு வாரத்தில் வால் சிவக்குமா? ஐரின் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய நோட்டுகளைப் புரட்டினாள். எங்கேயும் அப்படி இல்லை.

இரண்டாம் ஓலையன்று டீச்சர், "இப்ப ஓரத்துல வெள்ளைக் கரை விழுந்திருக்கு. அம்புட்டு அழகு," என்றார். பின்னால் நின்ற பிராங்கிளின் கோவில் மணிக்கூண்டை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் ஐரினின் முகத்தை உற்றுப் பார்த்து, "உங்க வீட்டுல யாரும் கைய வைக்கலையே?" என்று கேட்டார்.

அன்று மதியம் ஐரினுக்குச் சோறு இறங்கவில்லை. இரை போடாமலே ஒரு வீட்டில் மீன் துள்ளுகிறது. அவள் வீட்டில் சாகக் கிடக்கிறது. அப்படியானால் மூன்று வருஷம் தவளையையும் கரப்பானையும் அறுத்து, அப்பாவின் கையில் தோல்ஷாப் சுண்ணாம்பு ஏறிய வெடிப்பைப் பார்த்துப் பார்த்துப் படித்ததெல்லாம் என்ன? ஒருவேளை அவள் படித்ததுதான் தப்போ?

இந்தச் சந்தேகம் வந்ததற்காகவே அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. மீனுக்காக மட்டும் இல்லை. நாளைக்கு அந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அவள் ஒன்று சொல்வாள், டீச்சர் ஒன்று சொல்வார், பிராங்கிளின் மணிக்கூண்டைப் பார்ப்பான். கண்ணுக்கு நேரே ஒன்று செத்துக்கொண்டிருக்க, வாயை மூடிக்கொண்டு முப்பது நாற்பது வருஷம் எப்படி ஓட்டுவது? ஐரின் ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்றாம் ஓலைக்குள் இந்த மீன் செத்தால், அவளே சாமியாரிடம் போய்க் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அம்மா அழட்டும். அப்பா பேசாமல் இருப்பார், அவர் எப்போதும் அப்படித்தான்.

ஆனால் அதற்கு முன்னால், தான் படித்தது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

*

பேகம்பூர் பக்கம் ஜெய்தூன் பீவியின் மீன் கடை. ஒரு அறை, சுவர் நிறையக் கண்ணாடித் தொட்டி. ஃபைட்டர்களை மட்டும் தனித்தனி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்ளாமல் நடுநடுவே அட்டை சொருகி வைத்திருந்தார். பார்த்தால் சண்டைக்கு நிற்கும்.

"பீவிம்மா, ஃபைட்டர் மீனு செடி வேரைத் திங்குமா?"

பீவி, மீன் அள்ளும் வலையைக் கீழே வைத்தார். "நீயுமாம்மா? அல்லா, இந்த ஊருக்கு என்ன வந்துச்சு? வேரைத் திங்கிறதுக்கு அது என்ன ஆடா? இந்த மாசம் இந்தக் கேள்வி கேக்குற ரெண்டாவது ஆளு நீ. ஒரு வாத்தியாரு வருவாரு. வாரத்துக்கு ஒரு மீனு. நீலம்தான் வேணுமாம். போன வாரம் நீலம் இல்லன்னு வெள்ளைக் கரை வச்சதைக் குடுத்தேன். அதுக்கு முந்தி வாலு செவந்தது. முழிக்கிற முழியப் பாத்தா, யாருக்கோ பயந்து வாங்குறாருன்னு..."

பீவி பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். "இந்தா, நூறு ஆயுசு. வந்துட்டாரு."

கையில் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பிராங்கிளின் நின்றான். ஐரினைப் பார்த்ததும் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஸ்கேலுக்குப் பயந்து கையை ஒளிக்கிற மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரியே இருந்தது.

"எத்தனை?" என்றாள் ஐரின்.

"என்னது?"

"எத்தனை செத்துச்சுன்னு கேக்குறேன்."

"மூணு." அவன் குரல் உள்ளே போனது. "இன்னைக்குக் காலையில மூணாவது. அம்மா காலைப் பூசைக்குப் போயிருக்கும்போது பாத்தேன். அவுக வரதுக்குள்ள... தண்ணியும் மாத்தித்தான் வைக்கிறேன். ஏன்னே தெரியல, ரெண்டே நாள்ல கலங்கி நாறுது."

ஐரினுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நெஞ்சில் பதினேழு நாளாக ஏறி உட்கார்ந்திருந்த ஒரு அம்மிக்கல்லை யாரோ தூக்கிக் கீழே போட்ட மாதிரி இருந்தது. அவள் படித்தது தப்பில்லை. கண்ணால் பார்த்ததும் தப்பில்லை. கடைச் சுவரில் சாய்ந்து ஒரு தடவை நன்றாக மூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"வாலு செவக்குது, கரை விழுதுன்னு உங்கம்மா சொல்லச் சொல்ல, நான் வீட்டுக்குப் போயி நோட்டைப் பொரட்டுறேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு நெனச்சேன். நீங்க மணிக்கூண்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறீக!"

"அம்மாகிட்ட இந்த மாதிரி..." அவன் பீவியைப் பார்த்தான். பீவி தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தார், காதை மட்டும் இங்கே விட்டுவிட்டு. "அம்மா சொன்னது தப்புன்னு எங்க வீட்டுல யாரும் சொன்னதில்லங்க. அப்பா இருந்தவரைக்கும் அவரும் சொன்னதில்ல. மீன் செத்துச்சுன்னா அவுக மனசு கஷ்டப்படும். கல்யாணத்துக்கு ஆகாதுன்னு நெனப்பாக. நான் இந்தக் கல்யாணம் நடக்கணும்னுதான்..."

"நடக்கணும்னா?"

"நடக்கணும்னுதான்," என்றான் மறுபடியும், காது சிவக்க.

ஐரின் இதற்கெல்லாம் இளகுகிற ஆள் இல்லை. கொஞ்சம் இளகினாள் என்றாலும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"மூணாவது ஓலைக்கு முன்னாடி உங்கம்மாகிட்ட நீங்களே சொல்லணும். செத்தது மூணு, மாத்தி வச்சது நீங்கன்னு. சொல்லலைன்னா, விக்கினம் இருக்குன்னு சாமியார்கிட்ட நானே போயிச் சொல்லுவேன்."

"என்ன விக்கினம்?"

"மாப்பிள்ளைக்கு வாய் இல்லைன்னு."

தொட்டிக்குப் பின்னால் பீவி இருமினார். இருமல்தானா என்று சொல்ல முடியாது.

*

அந்த வாரம் ஐரின் அம்மாவுக்குத் தெரியாமல் வேலையை ஆரம்பித்தாள். அது தண்ணீர்ப் பஞ்சம் பிடித்து ஆட்டிய இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் குழாய் வரும். வீட்டுக்கு வீடு டிரம், அண்டா, சிமெண்டுத் தொட்டி. தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளியும். ஊரே திட்டுகிற அந்தப் புழுதான் ஃபைட்டருக்குப் பிரியாணி. அம்மா லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிய நேரம் பார்த்து, ஐரின் டீ வடிகட்டியால் டிரம்மில் நாலு புழு அள்ளினாள். ஸ்டூல் போட்டு ஏறி, செடியைத் தூக்கி, ஓரத்து வேர்களைக் கத்தரிக்கோலால் நறுக்கி, மீன் மூக்கை நீட்ட ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வழி விட்டாள். அரைச் சாடித் தண்ணீரை எடுத்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். புழுவைப் போட்டாள்.

மீன் அசையவில்லை. ஐரின் ஸ்டூல் மேலேயே நின்றாள். ஒரு புழு அதன் மூக்குக்கு முன்னால் நெளிந்து இறங்கியது. மீன் கண்ணை மட்டும் உருட்டியது. பிறகு லபக்கென்று ஒரே கவ்வு.

"அப்பாடி," என்றாள் ஐரின் சத்தமாகவே. பக்கத்தில் இருந்த ஆண்டவர் படத்துக்குத்தான் அது கேட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் நீலம் திரும்பியது. சனிக்கிழமை மீன் வாலை விரித்து இலை நிழலைப் பார்த்துச் சண்டைக்கு நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தோணியாரே! செவ்வாக்கிழமை நேர்ந்துக்கிட்டேன், சனிக்கிழமை காட்டிட்டீரே!"

பெருமை அந்தோணியாருக்குப் போவதைப் பார்த்து ஐரினுக்கு நாக்கு அரித்தது. மீன் பிழைத்தால் போதும் என்று அடக்கிக்கொண்டாள். பிராங்கிளினிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிப் பூசைக்கு அம்மா பட்டுச் சேலை கட்டி முடிக்கவும், வாசலில் ஆட்டோ வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஆரோக்கியம்மாள் டீச்சர் இறங்கினார். பின்னால் பிராங்கிளின், நெஞ்சோடு அணைத்த இன்னொரு சாடியோடு. அதில் செடி இருந்தது. மீன் இல்லை. பையன் முகம் ராத்திரி தூங்காத முகம்.

"இவன் சொல்லிட்டான்," என்றார் டீச்சர் படியேறாமலே. "நேத்து சாயங்காலம். நாலு தடவை தொண்டையைச் செருமிட்டுச் சொன்னான். நேத்து செத்ததோட சேத்து நாலு மீன் செத்திருக்கு. என்னை முட்டாளாக்கியிருக்கான்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். "நாலா? உங்க வீட்டுலயா?" அவள் பார்வை பீரோ மேல் போய் வந்தது. அதிர்ச்சியோடு அதிர்ச்சியாக, முகத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது. "எங்க வீட்டுது நல்லாருக்கே டீச்சர்..."

டீச்சர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். நீல மீன் செவுளை விரித்து அவரை முறைத்தது.

"இது நான் குடுத்ததா, நீயும் மாத்துனதா?"

"நீங்க குடுத்ததுதான் டீச்சர்," என்றாள் ஐரின். "நான் கைய வச்சேன். வேரை வெட்டுனேன், தண்ணி மாத்துனேன், டிரம்முல இருக்கிற கொசுப்புழுவைப் போட்டேன். நீங்க சொன்னது எதையும் நான் கேக்கல. கேட்டிருந்தா இதுவும் செத்திருக்கும்."

அம்மாவின் கை கிள்ளுவதற்கு இடுப்பைத் தேடி வந்தது. ஐரின் ஒதுங்கிக்கொண்டாள்.

பிராங்கிளின்தான் பேசினான், சாடியைக் கட்டிப்பிடித்தபடி. "அவுக சொல்றது சரிம்மா. பட்டினி போட்டா எப்படிம்மா பொழைக்கும்?"

"யாருலே பட்டினி போட்டா?" டீச்சர் குரல் திடீரென்று உயர்ந்தது. உயர்ந்த குரல் பாதியில் உடைந்தது. "நான் தெனமும் சோறு போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"சோறா?"

"ரெண்டே ரெண்டு பருக்கை. மூணு வேளையும். நாம தட்டுல போட்டுத் திங்கிறோம், அது நம்மளையே பாத்துக்கிட்டுக் கெடக்கு. எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?" டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லார்கிட்டயும் போடாதன்னு சொல்லிட்டு நான் போட்டேன்னு எப்படிச் சொல்றது? வெந்த சோறு, மெத்துன்னு இருக்கட்டும்னு நசுக்கித்தான் போட்டேன்."

பிராங்கிளின் வாயைப் பிளந்தான். "அதான் தண்ணி நாறுச்சா!"

"அந்தச் சோறுதான் டீச்சர் புளிச்சுத் தண்ணியக் கெடுத்திருக்கு," என்றாள் ஐரின். சொல்லும்போதே தன் குரல் இறங்கியதை அவளே கவனித்தாள். இந்த அம்மாளோடு சண்டை போடத்தான் மூன்று வாரமாக அவள் வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தாள். அத்தனையும் இப்போது எதற்கும் உதவாமல் போயின. ஒரு மீன் பசியோடு கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மகனுக்குத் தெரியாமல், மூன்று வேளையும் பருக்கை நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அது பிசகுதான். ஆனாலும் இந்தப் பிசகோடு ஒரே வீட்டில் இருந்துவிடலாம்.

"நீ நிச்சயத்தன்னைக்கே சொல்ல வந்த," என்றார் டீச்சர்.

"ஆமா."

"ஏன் முழுசாச் சொல்லல?"

"எங்கம்மா கிள்ளிட்டாக."

டீச்சர் இஞ்ஞாசியம்மாளைப் பார்த்தார். "இனிமே கிள்ளாதீக," என்றார். இஞ்ஞாசியம்மாள் மூன்றாம் வகுப்பில் நிற்பவள் போலத் தலையாட்டினாள்.

பிறகு டீச்சர் எழுந்து சேலை முந்தானையை இழுத்துச் செருகினார். "எங்க அந்தப் புழு? காட்டு."

உள்ளேயிருந்து வந்த அப்பா ராயப்பராஜும் சேர்ந்து எல்லோரும் பின்கட்டு டிரம்மைச் சுற்றி நின்றார்கள். "முனிசிபாலிட்டிக்காரங்க மருந்து ஊத்துன தண்ணியில மட்டும் எடுத்துராதீக," என்று சொல்லி ஐரின் வடிகட்டியைக் கொடுத்தாள். டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிற கவனத்தோடு ஒவ்வொன்றாக அள்ளினார். "எங்க வீட்டுத் தொட்டியிலயும் இது கூடை கூடையாக் கெடக்கு. பிராங்கிளின், நாளைக்கு அந்த பாய் வீட்டம்மா கடையில ஒண்ணு வாங்கிட்டு வா. எந்தக் கலரா இருந்தாலும் சரி."

"ரெண்டையும் ஒரே சாடியில போட்டுறலாமா?" என்று கேட்டாள் அம்மா, சமாதானம் ஆகிவிட்ட உற்சாகத்தில்.

"போட்டா ஒண்ணை ஒண்ணு கொன்னுரும்," என்று ஐரினும் பிராங்கிளினும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பீவி கடையில் அட்டை சொருகிய பாட்டில்களை அவனும் பார்த்திருக்கிறான்.

கோவிலுக்குப் போய்ச் சேரும்போது பிரசங்கமே முடிந்திருந்தது. உள்ளே இடமில்லை. வாசல்படி ஓரம் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். சாமியார் ஓலை வாசித்தார். ராயப்பராஜ், இஞ்ஞாசியம்மாள் ஆகியோரின் மகள் ஐரினுக்கும், ஆரோக்கியம்மாளின் மகன் பிராங்கிளினுக்கும், மூன்றாம் முறையாக. விக்கினம் என்ற சொல் வந்ததும் பிராங்கிளின் திடுக்கென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். வேர்த்திருந்தான். இந்தத் தடவை மணிக்கூண்டைப் பார்க்கவில்லை.

ஐரின் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். யாரும் கிள்ளாமல், அவளாகவே.

பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ராயப்பராஜ் மகளிடம் வந்து, "யாரும் எதுவும் சொல்லலையேத்தா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"நல்லது. வெரசா நட. இன்னைக்கு நம்ம தெருவுக்குக் குழாய் வருதாம்."